பன்மொழி அரங்கும் ஆறுதலின் மொழியும்: 'டிரைவ் மை கார்' திரைப்படம் – ஒரு திறனாய்வு

1. முன்னுரை

ஜப்பானிய இயக்குநர் ரியூசுகே ஹமகுச்சியின் 'டிரைவ் மை கார்' (2021), துயரிலிருந்து மீள்தலையும் மறுவாய்ப்பையும் பொருளாகக் கொண்ட திரைப்படம். 179 நிமிடங்கள் ஓடும் இப்படம் 2021இல் கான் விழாவில் சிறந்த திரைக்கதைக்கான பரிசையும், 2022இல் சிறந்த பன்னாட்டுத் திரைப்படத்துக்கான ஆஸ்கர் விருதையும் பெற்றது. உணர்வு மொழியெல்லையைக் கடந்து சென்றுவிடும் என்பதற்கு இப்படத்தைச் சான்றாகக் காட்டுவது எளிது. அக்கருத்துப் பொருந்துமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மொழியின் துணையின்றியே ஆறுதல் பிறந்துவிடும் எனின், மொழிபெயர்ப்பாளனுக்கு அங்கு வேலை இல்லை. ஆகவே இவ்வினா நம் துறையினர்க்கு வெறும் சுவை பற்றியது அன்று.

2. மூலமும் மாற்றமும்

படத்தின் மூலம் ஹருகி முரகாமியின் சிறுகதை. 2014இல் வெளியான 'பெண்களற்ற ஆண்கள்' என்னும் தொகுப்பில் உள்ளது. மனைவியை இழந்த நடிகர் கஃபுகு, அவருடைய காரை ஓட்டும் இளம்பெண் மிசாகி ஆகிய இருவரும் கதையிலேயே உள்ளனர். செகாவின் 'வான்யா மாமா' நாடகமும் கதையில் இடம்பெறுகிறது. ஆனால் அந்நாடகத்தைப் பல மொழி நடிகர்களைக் கொண்டு ஹிரோஷிமாவில் மேடையேற்றுவது திரைக்கதை புதிதாகச் சேர்த்த பகுதி. ஒவ்வொரு நடிகரும் தத்தம் மொழியிலேயே பேசுகின்றனர். ஜப்பானியம், மாண்டரின் சீனம், கொரியம், தகாலோகு, கொரியச் சைகைமொழி முதலியன ஒரே மேடையில் ஒலிக்கின்றன. சைகைமொழியைப் பொறுத்தவரை, தோன்றுகின்றன என்பதே சரி. சிறுகதையில் இல்லாத இம்மொழிச்சிக்கலின் மீதே படத்தின் மீட்சிக்கதை முழுவதும் எழுப்பப்பட்டுள்ளது.

3. ஒத்திகை என்னும் மொழிப்பயிற்சி

பெருநிறுவன முறைக்கு வெளியே வளர்ந்தவர் ஹமகுச்சி. தொழில்முறை நடிகர் அல்லாதவர்களோடு கோபே நகரில் நடத்திய பயிலரங்கிலிருந்தே 'ஹேப்பி ஹவர்' (2015) என்னும் ஐந்து மணிநேரப் படத்தை உருவாக்கினார். உணர்ச்சி கலவாமல் வசனத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் செய்வது அவருடைய வழக்கம். பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவாரின் முறையிலிருந்து பெற்றது. அதே முறையைப் படத்தில் கஃபுகு தம் நடிகர்களுக்கு விதிக்கிறார். அவர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து நாள்கணக்கில் வாசிக்கின்றனர், சலிப்படைகின்றனர்.

இங்கு நிகழ்வது கருதத்தக்கது. எதிரே இருப்பவரின் மொழியை நடிகர் அறியார். அவர் பேச்சு எங்கே முடிகிறது என்பதை அதன் ஒலிவடிவாலும் காலஅளவாலுமே உணர்கிறார். அப்பேச்சின் பொருளையோ தம் மொழியில் உள்ள பிரதிவழி முன்பே அறிந்திருக்கிறார். ஆகவே மேடையில் கைகூடும் புரிதல் மொழியைக் கடந்த ஒன்றன்று. மனப்பாடமும் மொழிபெயர்ப்பும் சேர்ந்து விளைந்தது. பார்வையாளர்க்கும் மேடைத்திரையில் பன்மொழிப் பெயர்ப்பு காட்டப்படுகிறது. உணர்வு தானே பரவியது என்பார் இவ்வுழைப்பைக் காணத் தவறியவராவர்.

4. ஒலிநாடாவும் உரையாடலும்

கஃபுகுவின் மனைவி பெயர் ஒத்தோ. ஜப்பானியத்தில் 'ஒலி' என்பது அதன் பொருள். வான்யாவின் வசனம் நீங்கலாக ஏனைய வசனங்களை அவர் ஒலிநாடாவில் பதிந்து வைத்திருக்கிறார். அவர் இறந்த பின்னரும் கஃபுகு காரில் அதை ஓடவிட்டு, இடைவெளிகளில் வான்யாவின் வசனத்தைச் சொல்கிறார். இருவர் மாறிமாறிப் பேசுவதால் இது வடிவில் உரையாடலே. ஆனால் ஒரு தரப்பு எதையும் கேட்பதில்லை. அதன் மறுமொழி மாறுவதும் இல்லை. துயரின் மொழிவடிவம் இதுவே எனலாம். பின்னிருக்கையில் அமர்ந்து நாடாவோடு பேசியவர், முன்னிருக்கைக்கு வந்து மிசாகியோடு பேசத் தொடங்குவதே மீட்சியின் முதற்படி.

இவ்விடத்தில் தமிழில் பெயர்ப்போர்க்கு ஒரு சிக்கல் எழும். ஜப்பானிய வினை எண், இடம் காட்டுவதில்லை. தமிழ் வினைமுற்றோ விகுதியால் இடத்தையும் மரியாதையையும் ஒருங்கே காட்டிவிடும். கஃபுகு மிசாகியை 'நீங்கள்' என்பாரா, 'நீ' என்பாரா? மாற்றம் உண்டெனில் எந்த வசனத்தில்? பெயர்ப்பாளர் இதற்கு விடை கண்டாக வேண்டும். அவ்விடை, அவ்விருவரிடையே நெருக்கம் பிறந்த கணத்தைச் சுட்டுவதாகிவிடும்.

5. குறைகள்

மிசாகியின் வீடு நிலச்சரிவில் இடிந்த இடத்தில், பனி மூடிய ஹொக்கைடோவில், இருவரும் தத்தம் குற்றவுணர்வை வெளியிடுகின்றனர். இருவரும் ஒரே மொழியினர். அதுவரை குறிப்பால் உணர்த்திய படம் இங்கு எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறது. மொழித்தடை அகன்ற இடத்தில் சொற்கள் மிகுந்துவிடுவது நோக்கத்தக்கது.

இரண்டாவது குறை அறம் பற்றியது. வான்யாவாக நடிக்க இருந்த இளம் நடிகர் தகாட்சுகி, ஒருவரைத் தாக்கி அவர் இறக்கக் காரணமானதால் கைதாகிறார். அதனாலேயே கஃபுகு மீண்டும் அவ்வேடம் ஏற்க நேர்கிறது. ஒருவர்க்குக் கிடைக்கும் மறுவாய்ப்பு மற்றொருவரின் வீழ்ச்சியால் வருகிறது. கைதுக்குப்பின் படம் தகாட்சுகியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இறந்தவரைப் பற்றியோ நாம் ஏதும் அறிவதில்லை. மீட்சியைப் பேசும் படைப்பு, யார்க்கு அது மறுக்கப்படுகிறது என்பதையும் பேசியிருக்க வேண்டும்.

6. முடிவுரை

நாடகத்தின் இறுதிக் காட்சியில் சோனியாவின் புகழ்பெற்ற ஆறுதலுரை சைகைமொழியில் வருகிறது. சோனியாவாக நடிக்கும் யூனா, காது கேட்பவர். ஆனால் பேச இயலாதவர். வான்யாவின் பின்னே நின்று, அவரை அணைத்தாற்போல் கைகளை முன்னே நீட்டி அவர் பேசுகிறார். அரங்கில் ஒலி அடங்கிவிடுகிறது. இதனை மௌனம் என்பது பொருந்தாது. தனக்கென இலக்கணம் உடைய ஒரு மொழியில், ருஷ்யமூலம் ஒன்றின் பெயர்ப்பு அங்கு நிகழ்த்தப்படுகிறது. ஒலி எனப் பெயர் கொண்டவளின் நாடா தராத ஆறுதலை ஒலியற்ற மொழி தருகிறது.

திரையடி வரிகள் அமைப்போர் இதனின்று கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. எல்லா மொழிகளையும் ஒரே எழுத்துருவில், ஒரே நடையில் தந்துவிட்டால், நடிகர்கள் கடந்த தடை பார்வையாளர்க்குத் தெரியாமலே போகும். எம்மொழி எங்கே மாறுகிறது என்பதைச் சிறு குறியீட்டாலேனும் காட்டுதல் வேண்டும். மேற்கூறியவற்றால், இப்படம் மொழியின் தோல்வியைக் காட்டவில்லை என்பதும், பிறர் சொல்லைப் பொறுமையுடன் ஏற்கும் பயிற்சியே ஆற்றுவது என்பதும் பெறப்படும். அப்பயிற்சியின் மற்றொரு பெயரே மொழிபெயர்ப்பு.