கே.ஏ. குணசேகரன்: பாட்டு, எழுத்து, அரங்கு

கே.ஏ. குணசேகரன் (1955 - ஜனவரி 17, 2016) நாட்டுப்புறப் பாடகர், ஆய்வாளர், நாடக ஆசிரியர், நடிகர். சிவகங்கை மாவட்டம் இளையான்குடியை அடுத்த மாறந்தையில் பிறந்தவர். புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியராகவும், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் பணியாற்றினார்.

இசை

தொல்காப்பியம் பறையை நிலத்தின் கருப்பொருள்களுள் ஒன்றாகச் சொல்கிறது. பின்னாளில் அது சாவு வீட்டுக்குரியதாகச் சுருக்கப்பட்டது. கச்சேரி மேடைக்கு அது வெறும் சத்தம். ஜப்பானில் மசாமி அகிதா 1979 முதல் 'மெர்ஸ்பவ்' என்ற பெயரில் இரைச்சலையே இசையாக ஆக்கி வருகிறார்; நூல்களும் எழுதியவர். அவருக்கு இரைச்சல் தானே தேர்ந்துகொண்ட கலைவழி. பறைக்கோ அந்தப் பெயர் சாதி சூட்டியது. ஆகவே தன்னானே கலைக்குழுவுடன் குணசேகரன் மேடையேறியபோது, எது இசை என்று முடிவுசெய்யும் அதிகாரமும் கேள்விக்கு உள்ளாயிற்று. இன்குலாப்பின் 'மனுசங்கடா' பாடலை ஊர் ஊராகக் கொண்டுசென்றது அவருடைய குரல். அதில் நயமான கமகங்கள் இல்லை. திறந்தவெளியில் கடைசி ஆள்வரை எட்டும் வீச்சு உண்டு.

எழுத்து

'வடு' (2005) தமிழின் முக்கியமான தலித் தன்வரலாறுகளுள் ஒன்று. இளையான்குடி முஸ்லிம்கள் உறவுமுறை சொல்லி அழைத்ததையும், அக்கம்பக்கத்துச் சிற்றூர்களில் சாதி குறுக்கிட்டதையும் எதிரெதிரே வைக்கிறது. புலம்பலோ அலங்காரமோ இல்லை. பேச்சுவழக்கில் சம்பவங்களை அடுக்கிச் செல்வது இதன் பலம். பல இடங்களில் அனுபவத்தை ஆழ்ந்து நோக்காமல் அடுத்த சம்பவத்துக்குத் தாவுவது குறை.

அரங்கு

'பலி ஆடுகள்' தமிழின் முன்னோடித் தலித் நாடகமாகக் கருதப்படுகிறது. சாதியத்தைச் சாடுவதோடு, ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளும் பெண் மேலும் ஒடுக்கப்படுவதைக் காட்டுகிறது. தன் தரப்பையும் விசாரிக்கும் இந்த நேர்மையே நாடகத்தைப் பிரச்சாரத்திலிருந்து விலக்கி நிறுத்துகிறது. 'தொடு', 'மழி' ஆகியவையும் அவருடைய நாடகங்கள். திரைப்படங்களிலும் நடித்தார்.

மதிப்பீடு

பல துறைகளில் இயங்கியதால் எதிலும் முழுமை கூடவில்லை என்று அவரைப் பற்றிச் சொல்ல இடமுண்டு. ஆனால் துறைகளைத் தனித்தனியே பிரித்துப் பார்க்கும்போதுதான் அப்படித் தோன்றுகிறது. பாட்டில் ஒலித்ததை 'வடு' வாழ்க்கையாகச் சொல்கிறது; 'தலித் அரங்கியல்', 'சேரிப்புறவியல்' ஆகிய நூல்கள் அதையே கோட்பாடாக்க முயல்கின்றன. ஒரு கேள்வி மட்டும் எஞ்சுகிறது. பறை இன்று கல்லூரி விழாக்களிலும் அரசு மேடைகளிலும் கைதட்டல் பெறுகிறது. அதே பறையைச் சாவுக்கு அடிக்கும்படி ஒருவரை அவருடைய சாதியைச் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் முற்றாக ஒழியவில்லை. கருவிக்குக் கிடைத்த மரியாதை அதை அடிப்பவருக்கும் கிடைக்கும்போதே குணசேகரனின் பணி நிறைவுபெறும்.