பூமலையை ரசிக்கும் முறை: ஒரு போத்திலிருந்து தொடங்குதல்

சிங்கப்பூர்த் தமிழர் பூமலை என்று வழங்கும் தாவரவியல் பூங்கா 1859இல் தொடங்கப்பெற்று, 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. அதன் புல்வெளிகளும் அன்னங்கள் நீந்தும் ஏரியும் யார் கண்ணுக்கும் இனியவையே. ஆயினும் ஒவ்வொரு செடியும் எங்கிருந்து வந்தது, இங்கிருந்து எங்கே போனது என்று கேட்டுக்கொண்டே நடப்பவருக்குத்தான் அந்தப் பூங்கா முழுமையாகப் பிடிபடும்.

இலண்டனின் கியூ பூங்காவிலிருந்து 1877இல் வந்துசேர்ந்த 22 ரப்பர் நாற்றுகள் இதற்குத் தலையாய சான்று. 1888இல் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரம் பட்டுப்போகாதவாறு பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்ததோடு, கண்ட தோட்ட முதலாளிகளிடமெல்லாம் விதைகளைக் கொடுத்து நடச் சொல்லி, பைத்தியக்கார ரிட்லி என்ற பட்டத்தையும் வாங்கிக்கொண்டார். அந்த ஈகையின் விளைவாகப் பரவிய மலாயாத் தோட்டங்களுக்கே பல்லாயிரம் தமிழர் பால்வெட்டக் கப்பலேறினர் என்பதை நோக்க, அதை வெறும் ஈகை என்று புகழ்ந்துவிடவும் மனம் ஒப்பவில்லை. மிளகும், தோல் பதனிட உதவும் காம்பியரும் பயிரான, சிங்கப்பூரின் கிராஞ்சி வட்டாரத்திலும் பிற்பாடு ரப்பர் வேரூன்றியது.

நின்று பார்க்க வேண்டியது, 1981இல் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம். ஆக்னஸ் ஜோக்கிமின் தோட்டத்தில் பூத்த இக்கலப்பின ஆர்க்கிட்டை ரிட்லி 1893இல் விவரித்தார். பென்சில்போல் உருண்ட இலைகளையும், கணுக்களிலிருந்து காற்றில் தொங்கும் வேர்களையும் முதலில் கவனித்துவிட்டே ஊதா இதழ்களுக்குக் கண்ணை உயர்த்துதல் நலம். ஏனெனில் வேர்விட்ட தண்டை நறுக்கி நட்ட போத்துகளின் வழியாகவே இச்செடி கைமாறிக் கைமாறிப் பரவியது. பற்றியிருக்கும் கொம்பைத் தாண்டி நுனி வெயிலுக்கு வந்த பின்னரே அது தாராளமாகப் பூக்கும்.

இப்படிச் செடிகளைக் கைமாற்றிப் பகிர விரும்பினாலும், பூங்காவில் இலை பறிக்கவும் கிளை ஒடிக்கவும் தடை உண்டாதலால், பகிர்வுக்குரியவை அவரவர் தொட்டியிலிருந்தே வரவேண்டும். கிராஞ்சியில் தோட்ட ஆர்வலர் கூடிச் செடி மாற்றிக்கொள்கையில் மேற்சொன்ன பார்வையே துணைசெய்யும். முருங்கை போத்தாக வரும். கறிவேப்பிலை பெரும்பாலும் தாய்ச்செடியின் வேரிலிருந்து கிளைத்த பக்கக்கன்றாக வரும். வெற்றிலைக்குக் கணுவோடு கூடிய கொடித்துண்டு போதும். பெறுபவர் செடியின் பெயரையும் அது வெயில் தாங்குமா என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டு, இலையின் அடிப்புறத்தில் மாவுப்பூச்சி உண்டா என்று பார்த்து, சில நாள் தனியே வைத்த பிறகே மற்றத் தொட்டிகளோடு சேர்க்க வேண்டும்.