மீள்கூடலும் வெற்றிடமும்: ‘ரிமெம்பர் சக்தி’ இசைப்பதிவு பற்றிய ஒரு நோக்கு

பிரிந்த கலைஞர் மீண்டும் ஓரரங்கிற் கூடுங்கால் அவையோர் நாடுவது பழைய இன்பத்தையே. கலைஞரோ இடைக்காலத்தில் வேறு வழிகளிற் சென்று வளர்ந்தவர். இவ்விரண்டும் எவ்வாறு இயையும் என்பதே மீள்கூடல் அரங்கின் முதற் சிக்கல். அதனை ஆராய்தற்கு ஏற்றதொரு சான்று, 1999இல் வெளிவந்த ‘ரிமெம்பர் சக்தி’ என்னும் இரட்டை இசைத்தட்டாகும்.

றொக், ஜாஸ் இரண்டையும் கலந்த மகாவிஷ்ணு இசைக்குழுவால் புகழெய்திய ஆங்கிலக் கலைஞர் ஜோன் மக்லோக்லின், 1970களின் நடுவில் மின்கிற்றாரை விடுத்து மரக்கிற்றாரை ஏந்திச் ‘சக்தி’ குழுவை அமைத்தார். வயலினில் எல். சங்கர், தபேலாவில் சாகிர் உசேன், கடத்தில் விக்கு விநாயக்ராம் ஆகியோர் உடனிருந்தனர். 1976இல் வெளியான முதற்றட்டும் அரங்கிற் பதிவானதே. அதன் உயிர்நிலை கிற்றாரும் வயலினும் விரைந்து நிகழ்த்திய உரையாடலாகும். சங்கர் ஈழத்தவர்க்கு அயலாரல்லர். அவர்தம் தந்தையார் வி. இலட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை பயிற்றியவர். 1958ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னரே அக்குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது.

1997இல் இங்கிலாந்தில் நிகழ்ந்த மீள்கூடலில் அவ்வயலின் இல்லை. அதனிடத்தில் அரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல் ஒலித்தது. மக்லோக்லினும் மின்கிற்றாருக்கு மீண்டிருந்தார். வயலினின் விரைவைக் குழல் போலச் செய்ய முயலவில்லை. இந்துஸ்தானி ஆலாபனைக்குரிய பொறுமையையே அது கொணர்ந்தது. ‘முக்தி’ என்னும் உருப்படி ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நீள்வது இதன் விளைவே.

இப்பதிவிற் குறையில்லை எனல் பொருந்தாது. சில இடங்களிற் கிற்றாரும் குழலும் முறைவைத்து இசைக்கின்றனவேயன்றி ஒன்றையொன்று வினவவில்லை. தபேலாவும் கடமும் சந்திக்குமிடத்திலேயே மீள்கூடல் மெய்யாக நிகழ்கிறது. பிரிவுக் காலம் அவ்விருவர்தம் கணக்கைத் தேய்க்கவில்லை, ஆழப்படுத்தியே உள்ளது.

இவ்வினா வன்னி நிலத்துக்குப் புறம்பானதன்று. முல்லைத்தீவின் கோவலன் கூத்தும் இங்குள்ள பிற கூத்துக்களும் பலர் கூடி நிகழ்த்துவன. 2009இல் முடிவுற்ற போரின் பின் ஊர்திரும்பியோர் களரி அமைத்தபோது பழைய ஆட்டக்காரர் யாவரும் அங்கிருந்தாரல்லர். இல்லாதவர் இடத்தை நிரப்புவது எங்ஙனம்? புதியவர் தம்மியல்பிலேயே நிற்கட்டும் என்பது இவ்விசைத்தட்டின் விடை. கூத்துக்கு இவ்விடை முழுவதும் பொருந்தாது. அண்ணாவியார் வழிவந்த மெட்டுக்குப் புதியவரும் கட்டுப்பட்டவரே. ஆயினும் மெட்டு மரபுக்குரியது, குரல் பாடுவோனுக்குரியது. மறைந்தவர் குரலைப் போலி செய்வது மரபைப் பேணுதல் ஆகாது.

பின்னர் விநாயக்ராமின் இடத்துக்கு அவர் மகன் செல்வகணேஷ் வந்தார். 2023இல் வெளியான ‘திஸ் மொமென்ட்’ தட்டிற் கணேஷ் இராஜகோபாலனின் வயலின் ஒலித்தது. 2024 டிசம்பரிற் சாகிர் உசேன் மறைந்தார். தபேலாவும் கடமும் சந்தித்த அவ்விடங்கள் இனி ஓரரங்கிலும் மீளா. வெற்றிடத்தை மறையாது அதன்மேல் இசைத்த நேர்மையே இப்பதிவின் தகுதியாகும்.