இரண்டு நொடி முனகல்

பெட்ரோல் காரில் சாவியைத் திருப்பியதும், இன்ஜின் ஓடுமுன்பே பின் சீட்டுக்கு அடியிலிருந்து மெல்லிய முனகல் எழும். பெரும்பாலும் இரண்டு நொடியில் அடங்கும். டேங்குக்குள் மூழ்கியிருக்கும் பம்ப், இன்ஜெக்டர்களுக்கு வேண்டிய அழுத்தத்தை ஏற்றும் ஓசை அது. அது கேட்காத நாளில் நல்ல மெக்கானிக் உடனே பம்பைக் கழற்றுவதில்லை. முதலில் ஃபியூஸ். அடுத்து ரிலே: விரலை அதன் மேல் வைத்துச் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற துடிப்பு விரல்நுனியில் தெரியவேண்டும். தெரிந்தாலும் உள்முனை கருகியிருக்கலாம். அதே வகை ஹாரன் ரிலேயை மாற்றிப் போட்டால் சந்தேகம் தீரும். பிறகே பம்பின் கனெக்டர். அதன் இரு முனைகளுக்கு இடையே டெஸ்ட் லைட் பளிச்சென்று எரியவேண்டும். அரித்துப்போன வயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும். கரண்டை இழுக்கும் பல்போ மங்கிக் காட்டிக்கொடுக்கும். எர்த் கெட்டிருந்தாலும் அப்படித்தான். எளிய பல்புக்குள்ள இந்த நேர்மை அருமையானது. பல்பு நன்றாக எரிந்தும் பம்ப் சுழலவில்லை என்றால், அப்போதுதான் டேங்கைத் திறக்கவேண்டும்.