உண்மையை மோந்தவன் தலையில் பழி

'டெக்ஸ்டர்' பார்த்தவங்க எல்லாரும் டெக்ஸ்டரைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு டோக்ஸைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

2006லிருந்து 2013வரை அமெரிக்காவின் ஷோடைம் சேனலில் எட்டு சீசன் ஓடிய தொடர். மியாமி போலீசில் ரத்தத் தெறிப்பை ஆராய்கிற வெள்ளையன், மறைவில் தொடர்கொலைகாரன். சட்டத்திடம் தப்பிய கொலைகாரர்களை மட்டுமே கொல்வானாம். வளர்த்த அப்பன் ஹாரி, அவனும் போலீஸ், கற்றுக்கொடுத்த நெறி இது. அதில் முதல் விதியே மாட்டிக்காதே என்பதுதான். நியாயமெல்லாம் அப்புறம்.

ஆபீசுக்கு டோநட் வாங்கி வந்து எல்லார் வாயையும் அடைக்கிறான். ஆரம்பத்திலேயே அவனை மோப்பம் பிடிப்பவன் கறுப்பின சார்ஜென்ட் ஜேம்ஸ் டோக்ஸ். சொல்வது உண்மை, ஆனா கோபமாச் சொல்றான். கோபக்காரக் கறுப்பன் என்கிற அச்சுதான் தயாராக இருக்கிறதே! இரண்டாம் சீசனில் (2007), டெக்ஸ்டர் ஏசிக்குள் ஒளித்துவைத்த ரத்தத்துளிக் கண்ணாடிகள் டோக்ஸின் காரில் கிடைக்க, எஃப்பிஐ அவனைத் துரத்துகிறது. கடைசியில் எவர்கிளேட்ஸ் சதுப்பில், டெக்ஸ்டர் பூட்டிய கூண்டுக்குள், லைலா வைத்த வெடிப்பில் சாகிறான். கொலைப்பட்டம் அவன் பேரோடு ஒட்டிக்கொள்கிறது.

நாம என்ன செஞ்சோம்? அப்பாடான்னு மூச்சு விட்டோம். டெக்ஸ்டரின் மனக்குரல் நம் காதோடு பேசிக்கொண்டே இருக்கிறது. டோக்ஸுக்கு அப்படியொரு குரலைக் கதையாடல் தரவேயில்லை. வசவு மட்டும் தந்தது.

2012இல் வந்த ஏழாம் சீசனில் அவன் பேரிலுள்ள கறையைத் துடைக்கக் கிளம்புகிறாள் லகுவேர்ட்டா, கியூப வம்சாவளிப் பெண் அதிகாரி. அவளையும் சுட்டுவிடுகிறார்கள். சுடுவது டெக்ஸ்டரின் தங்கை. அவளும் போலீஸ்தான்.