எந்த ஷஅபான்? குடும்ப வரலாற்று மென்பொருள்களில் ஹிஜ்ரித் தேதி

கலீஃபா உமர் (ரழி) அவர்களிடம் ஒரு கடன் பத்திரம் கொண்டுவரப்பட்டது. தவணை ‘ஷஅபான்’ என்று மட்டுமே அதில் எழுதப்பட்டிருந்தது. எந்த ஷஅபான், சென்றதா, நடப்பதா, வரவிருப்பதா என்று அவர்கள் வினவினார்கள். ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கு ஏற்பட்டதற்கு வரலாற்றாசிரியர்கள் கூறும் காரணங்களுள் இந்நிகழ்ச்சியும் ஒன்று. பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் அதே வினாவைக் கணினித் திரையைப் பார்த்துக் கேட்கும் நிலையில் நாம் இருக்கிறோம்.

சேலம், நாமக்கல் வட்டாரத்து மாணவர் சிலர் தம் குடும்ப ஷஜராவைக் கணினியில் தொகுத்து நம்மிடம் கொணர்ந்து காட்டுவதுண்டு. மஹல்லாவின் நிக்காஹ் பதிவேடு, கப்ரின் மீஸான் கல், குர்ஆன் பிரதியின் முன்னேட்டில் பாட்டனார் எழுதிவைத்த பிறப்புக் குறிப்பு ஆகியவை அவர்களின் மூலங்கள். அத்தகைய ஒரு ஷஜராவில் தந்தை பிறந்த ஆண்டு 1905. மகன் பிறந்த ஆண்டு 1352! தந்தைக்கு 553 ஆண்டுகள் முன்னரே மகன் பிறந்துவிட்டார். 1352 என்பது ஹிஜ்ரி, கி.பி. 1933-34க்கு உரியது. மென்பொருளோ அதைக் கி.பி. என்றே கொண்டது. பிழையை உணர்ந்த மாணவர் நாட்காட்டியை ‘இஸ்லாமிய’ என்று மாற்றினார். உடனே 1352 மறைந்து 752 வந்து நின்றது! கி.பி. 1352ஐ ஹிஜ்ரியாக மாற்றித் தரும்படி தனக்குக் கட்டளை இடப்பட்டதாகவே மென்பொருள் புரிந்துகொண்டது. நாட்காட்டியை முதலில் தேர்ந்து, பின்னர் எண்ணை இட்டிருந்தால் இவ்விடர் நேர்ந்திராது.

இது கைத்தவறு, எளிதில் திருத்திவிடலாம். அடுத்தது அமைப்பின் குறை. வம்சாவளிக் கோப்புகளை ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்ல உதவும் ‘ஜெட்காம்’ முறையை அமெரிக்காவின் மார்மன் திருச்சபையார் 1984இல் வெளியிட்டனர். கிரிகோரியன், ஜூலியன், யூத நாட்காட்டிகளுக்கு அதில் இடமுண்டு. பன்னிரண்டு ஆண்டுகளே வழங்கி மறைந்த பிரெஞ்சுப் புரட்சி நாட்காட்டிக்கும் இடமுண்டு. ஹிஜ்ரிக்கு இல்லை! 2021இல் வெளிவந்த ஏழாம் பதிப்பும் வேண்டுவோர் தாமே புதிய நாட்காட்டியைச் சேர்த்துக்கொள்ள வழிவிட்டதேயன்றி, ஹிஜ்ரியைப் பெயர் கூறி ஏற்கவில்லை. பல சமுதாயத்தாரின் ஆண்டுக் கணக்குகளை ‘அல்-ஆஸாருல் பாகியா’வில் ஒருங்கே ஆராய்ந்த அல்பீரூனி இதைக் கண்டிருந்தால் வியந்திருப்பார். கட்டணமின்றிக் கிடைக்கும் ‘கிராம்ப்ஸ்’ மென்பொருள் ஹிஜ்ரியையும் பாரசீக நாட்காட்டியையும் ஏற்றிருப்பது பாராட்டுக்குரியது.

ஆயினும் அங்கும் ஒரு நுட்பம் உண்டு. கிராம்ப்ஸின் ஹிஜ்ரி, பிறையைக் கண்டு அமைந்த கணக்கன்று. 30 ஆண்டுகளில் 11 ஆண்டுகளுக்கு ஒரு நாளைக் கூட்டிச் செல்லும் வாய்பாட்டுக் கணக்கு அது. நம் ஊரில் பிறை தென்பட்ட இரவுக்கும் அதற்கும் ஒரு நாள் வேறுபடலாம். இங்கு நமக்குத் துணைநிற்பது கிழமை. பழைய பதிவேடுகளில் ‘ஷவ்வால் பிறை 12, திங்கள் இரவு’ என்பது போல் எழுதும் வழக்கம் உண்டு. திரை தரும் ஆங்கிலத் தேதியின் கிழமை மாறுபட்டால், திரையை விட்டுப் பதிவேட்டைப் பற்றுவதே முறை.

‘திங்கள் இரவு’ என்பதை இன்றைய இளைஞர் திங்கட்கிழமை முடிந்து வரும் இரவென்று கொள்கின்றனர். நம் கணக்கில் நாள் மஃரிபில் தொடங்குகிறது. அது ஞாயிறு மாலைக்குப் பின் வரும் இரவு. மென்பொருள் ‘மஃரிபுக்கு முன்னா, பின்னா’ என்று கேட்பதில்லை. இதனால் விளையும் கேடு சிறிதன்று. தந்தை வியாழன் மஃரிபுக்குப் பின் மரணமடைகிறார். மகன் மறுநாள் வெள்ளி பிற்பகலில் மரணமடைகிறார். ஹிஜ்ரிப்படி இருவருக்கும் ஒரே தேதி. திரை இருவருக்கும் வெள்ளிக்கிழமையையே காட்டும். யார் முந்தியவர் என்பது அறியப்படாவிடில் ஒருவருக்கொருவர் வாரிசாகார் என்பது ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளின் தீர்ப்பு. பாட்டனாருக்கு வேறு ஆண்மக்கள் இருப்பின், தம் தந்தையின் வழியாகப் பேரர்களுக்கு வரவேண்டிய பங்கு அந்த ஒரு மாலைப்பொழுதோடு போய்விடும். ஃபராயிள் கற்பிக்கும் நாம் இதனைத் தேதி காட்டும் முறையில் நேர்ந்த சிறு பிழையென்று எண்ணிக் கடந்துவிட முடியாது.

ஆதலால் மூலத்தில் உள்ள சொற்களை அவ்வாறே காப்பது முதற்கடமை. மாற்றிய தேதி அதன் பின்னரே வரவேண்டும். மூலச் சொல்லின்றி மாற்றிய தேதியை மட்டும் அச்சிடுவது ஸனதை நீக்கிவிட்டு மத்னை மட்டும் கூறுவதை ஒக்கும். கிராம்ப்ஸின் தேதிக் கட்டத்தோடு சொற்களால் எழுதுவதற்கும் ஓர் இடம் உள்ளது. ‘காதர் ஒலி மாதம்’ என்று தமிழ்க் குடும்பத்தாரும் ‘தேரா தேஜி’ என்று தக்கனி உருது பேசும் குடும்பத்தாரும் குறித்தவற்றை அங்கே எழுதலாம். முன்னது ஜமாதுல் ஆகிர், பின்னது ஸஃபர் என்பதை மென்பொருள் அறியாது. சொல்லை மட்டும் எழுதி எண்ணை விட்டுவிட்டாலோ, காலவரிசையில் அந்நிகழ்ச்சி அனைத்துக்கும் முன்னே போய் நிற்கும். இரண்டையும் இடல் வேண்டும்.

இப்பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் எஞ்சியுள்ளது. 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை வரை சேலம், நாமக்கல் சமவெளி மைசூர் ஆட்சியின் கீழ் இருந்தது. திப்பு சுல்தான் 1787இல் தம் நாணயங்களில் ஹிஜ்ரியை விடுத்து ‘மவ்லூதி’ ஆண்டைப் பொறிக்கத் தொடங்கினார். அது நபி (ஸல்) அவர்களின் பிறப்பிலிருந்து சூரிய ஆண்டுகளோடு இயைத்து எண்ணப்பட்டது. மாதப் பெயர்களும் வேறு. வில்லியம் கிர்க்பாட்ரிக் 1811இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட திப்புவின் கடிதத் தொகுப்பில் இதன் விளக்கம் உள்ளது. நாணயங்களில் இலக்கங்கள் வலமிருந்து இடமாகப் பொறிக்கப்பட்டன. பழகாதவர் 1215ஐ 5121 என்று படிப்பார். சரியாகப் படித்தவரும் அதனை ஹிஜ்ரி என்று கொண்டால் திரை கி.பி. 1800-01 என்று காட்டும். சுல்தான் ஷஹீதானது 1799 மே 4 அன்று. சேலமோ அதற்கு ஏழாண்டு முன்பே கும்பெனியின் கைக்குப் போய்விட்டது. உண்மையான சனது ஒன்று இவ்வாறு போலியெனத் தள்ளப்படக்கூடும். மவ்லூதிக் கணக்கு கிராம்ப்ஸிலும் இல்லை. எனவே ‘மவ்லூதி 1215’ என்பதைச் சொற்கட்டத்தில் எழுதி, எண்கட்டத்தில் கிரிகோரியன் 1787-88 என இடுவதே இப்போதைக்கு உள்ள வழி.