முறைவழிப் போரும் ஐயுறும் ஆட்டக்காரரும்

கணினி விளையாட்டுகளில் முறை வைத்துப் பொருதும் அமைப்பை ஏற்காதோர் கூறும் முதன்மைக் குறை, எதிரியின் முறையில் ஆட்டக்காரர் வாளா இருக்க நேர்கிறது என்பதாகும். இதற்கு இரு விளையாட்டுகள் இருவேறு விடைகளைத் தருகின்றன. 2001இல் ஜப்பானில் வெளிவந்த ‘ஃபைனல் ஃபேன்டஸி எக்ஸ்’, அடுத்தடுத்து யாருடைய முறை என்பதைத் திரையிலேயே வரிசைப்படுத்திக் காட்டுகிறது. தேர்ந்தெடுக்கும் செயலுக்கேற்ப அவ்வரிசை மாறுவதால் காத்திருப்பு கணிப்பாகிறது. பிரான்சின் சேண்ட்ஃபால் நிறுவனம் உருவாக்கி 2025இல் வெளிவந்த ‘கிளேர் ஆப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33’, எதிரியின் அடியை உரிய நொடியில் தடுக்கவோ அதனின்று விலகவோ இடமளிக்கிறது. ஐயுறுவோரை எளிதில் ஈர்ப்பது பின்னதே. ஆயினும், பிழையின்றித் தடுப்பவருக்கு அவ்வடியால் சேதமே இல்லை என்பதால், திட்டமிடலின் குறையைக் கைவேகம் ஈடுசெய்துவிடுகிறது. ஆட்டக்காரரை வென்ற அவ்விளையாட்டு, முறைவழிப் போரின் மீதான ஐயத்தைத் தொடாமலே விடுகிறது. அவ்வையத்திற்கு நேரடியாக விடையளிப்பது முன்னதே எனலாம்.